கரண்ட் போன பிறகும் கேட்ட குரல்

மாதம் ஒருமுறை பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள். அன்று எங்கள் தெருவின் விசைத்தறிகள் எல்லாம் ஒரே நொடியில் ஓயும். ஆரணியில் வளர்ந்தவர்களுக்கு அந்த அமைதிதான் பெரிய சத்தம். தூங்கும் குழந்தைகள்கூட விழித்துக்கொள்ளும். அப்படி ஒரு நாள் தறிகள் நின்றன. அந்த இரைச்சலுக்கு அடியில் சில வாரங்களாகப் பேசிக்கொண்டிருந்த பெண் மட்டும் நிறுத்தவில்லை.

அதுவரை அவளைப் பக்கத்து வீட்டுக்காரி என்றே நினைத்திருந்தேன். நான் பட்டுப்புடவைக் கரைகளுக்குக் கணினியில் டிசைன் போடுகிறவள். கரையில் அன்னப்பறவை வரையும்போது, "அன்னத்துக்கு மூக்கு வைக்கிறா பாரு" என்று நக்கலடிப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்கு என் கணினித் திரை எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"யாரோ பேசிகினு இருக்காங்களே, உங்களுக்குக் கேக்கலையா?" என்று என் கணவர் சேகரிடம் கேட்டேன்.

"கரண்டே இல்ல, தெருவே அடங்கிக் கீது. இன்னா கேக்குது உனக்கு?"

பழி காதின் மேல் விழுந்தது. தறிக்குப் பக்கத்தில் குடியிருந்தால் காது கெடும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். என் மாமியார் காதில் பஞ்சு வைத்துவிட்டார். தறிச் சத்தம் குறைந்தது. அவள் குரல் இன்னும் தெளிவாகக் கேட்டது. காது மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டு, காதில் ஒரு குறையும் இல்லை, மனநல மருத்துவரைப் பாருங்கள் என்றார். அதற்குள் நான் சோற்றையும் சந்தேகப்படத் தொடங்கியிருந்தேன். சேகர் முதல் வாய் சாப்பிட்டுக் காட்டினால்தான் தட்டைத் தொடுவேன்.

வேலூரில் பார்த்த மருத்துவர் என்னைவிடச் சில வயதே மூத்த பெண். மனச்சிதைவு (எண்ணமும் புலன்களும் நடப்பிலிருந்து விலகிப்போகும் நோய்) என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்துத்தான் மேலே பேசினார். எனக்குக் கேட்கும் குரல் மாயப்புலனுணர்வு (வெளியே இல்லாதது இருப்பதாகப் புலனுக்குப் படுவது) என்றார்.

"மனசுக்குள்ள பேசும்போது, மூளையில பேசுற பகுதி கேக்குற பகுதிக்கு 'இது நம்ம பேச்சுதான்'னு தகவல் அனுப்பும். அந்த இணைப்பு சரியா வேலை செய்யலைன்னா, சொந்தப் பேச்சே அடுத்தவங்க பேச்சா கேக்கலாம்."

ஆக, அன்னத்துக்கு மூக்கு சரியில்லை என்று நினைத்ததும் நானேதான். எனக்குக் கோபம் வந்தது.

மாத்திரை தொடங்கிய பிறகு அவள் ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் திட்டுவதை விட்டாள். பிறகு தெருமுனையில் நின்று பேசுவதுபோல் மங்கினாள். உடம்பு ஊதியது; பகலெல்லாம் அரைத்தூக்கத்தில் மிதந்தேன். திங்கள் எது, வியாழன் எது என்று பிரித்துப் பார்க்க முடியாத நாட்கள். ஒரு காலையில் அவள் வரவே இல்லை. சொன்னால் சிரிப்பீர்கள், அன்று அழுதேன். வீடு அவ்வளவு காலியாக இருந்தது.

நானும் சேகரும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். சந்தேகம் வந்தால் அவரைக் கேட்பேன். அவர் எனக்காகப் பொய் சொல்லக் கூடாது.

"காக்கா கத்துச்சா?"

"கத்துச்சு."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ நாட்களைக் கடந்தேன். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், அந்த ஒரு சொல்லாக இருங்கள்.

தேறி வந்ததும் குழந்தை வேண்டும் என்ற ஆசை வந்தது. மாமியார் ஒளித்துப் பேசத் தெரியாதவர். "புள்ளைக்கும் வந்துட்டா இன்னா பண்றது, கண்ணு?" என்றார். எனக்கும் அதே பயம்தான். மருத்துவரிடம் கேட்டேன். மற்றவர்களைவிட வாய்ப்புக் கூடுதல், ஆனால் என்னைப் போன்றவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வருவதில்லை என்றார்.

"பரம்பரையா வர்ற வியாதி, ஆளை இப்படிப் படுத்துது. அப்போ இது எப்பவோ அழிஞ்சிருக்கணுமே மேடம்?"

அவர் சிரித்தார். "அதைத்தான் நாங்களும் தேடிட்டு இருக்கோம். மனுஷனுக்குப் பேச்சு வந்தது, அடுத்தவங்க மனசுல என்ன இருக்குன்னு ஊகிக்க வந்தது, எல்லாம் மூளையில இணைப்புகள் பெருகினதாலன்னு சொல்றாங்க. இந்த வியாதியில தடுமாறுறதும் அதே இணைப்புகள்தானோன்னு ஒரு எண்ணம் இருக்கு. இன்னும் முடிவாகலை."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சமணக் குகைகள் இருக்கும் திருமலைக்குப் போனோம். குகையின் குளிர்ச்சியில் உட்கார்ந்திருந்தபோது, எழுத்தும் ஊரும் இல்லாத காலத்துப் பெண் ஒருத்தியை நினைத்துக்கொண்டேன். தலைக்குள் முதல் சொல் எழுந்ததும், யார் கூப்பிட்டது என்று அவள் திரும்பிப் பார்த்திருப்பாள். பக்கத்தில் இருந்தவனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை; அவனிடம் கேட்கவும் அவளுக்கு வழியில்லை. அவள் மேல் எனக்குப் பாசம் பொங்கியது. அவள் வழியில்தான் நானும் வந்திருக்கிறேன்.

மருத்துவர் மருந்தை மாற்றித் தந்த பிறகே கருத்தரித்தேன். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஐந்தாம் மாதத்தில் அசைவு தெரியத் தொடங்கும், முதலில் தாய்க்கு மட்டும்தான் தெரியும், வெளியே கை வைப்பவர்களுக்குத் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். கேட்டு வைத்திருந்தும் என்ன பயன்?

ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள். அன்றும் மின்தடை. தறிகள் ஓய்ந்திருந்தன. தொப்புளுக்குக் கீழே ஏதோ மெல்லப் புரண்டது. அந்தப் பழைய குரல்காரி இப்போது உடம்புக்குள் இறங்கிவிட்டாளோ என்றுதான் முதலில் நினைத்தேன். சேகரின் கையை இழுத்து வைத்தேன்.

"தெரியுதாங்க?"

கண்ணை மூடி, உள்ளங்கையை மெல்ல அழுத்திப் பார்த்தார். அவர் வழக்கத்தை மீறவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியல."

மறுபடியும் புரண்டது. என்னுடையதையெல்லாம் வேறொருத்தியுடையது என்று நம்பி அலைந்தவள் நான். இது எனக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் நான் இல்லை. இதற்குச் சாட்சி சொல்ல உலகத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை.

"பரவால்ல," என்றேன். "எனக்குத் தெரியுது."

அவர் கையை எடுக்கவில்லை. கரண்ட் வந்தது. தெரு முழுக்கத் தறிகள் ஓடத் தொடங்கின. அந்த இரைச்சலிலும் அது அசைந்துகொண்டிருந்தது. நான் அவரை மறுபடி கேட்கவில்லை.