பூட்டி வைத்த ஃபோர்க்

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாயில் மலையேறும் சைக்கிள்களை வாடகைக்கு விடும் ஒருவரைச் சந்தித்திருக்கிறேன். மெலிந்த உடல், தோளில் ஒரு மஞ்சள் துணி. பேசும்போதும் அவர் கை ஏதேனும் ஒரு சைக்கிளின் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைத் துடைத்துக்கொண்டே இருக்கும்.

குழிகளின் அதிர்வைத் தாங்க வேண்டிய அந்த ஃபோர்க்குகளை அசையாதபடி பூட்டி, திறக்கும் குமிழையும் அவர் கழற்றிவிட்டிருந்ததை, வாடகைக்கு எடுத்த நானும் என் மகளும் அறியவில்லை. செம்பனைத் தோட்டச் சரிவில் என் மகள் தூக்கியெறியப்பட்டு, அவளுடைய மணிக்கட்டு முறிந்தது. மருத்துவமனையில் அவளைச் சேர்த்துவிட்டு, சைக்கிளுடன் அவரிடம் சென்றேன். அவர் முதலில் ஃபோர்க்கைத்தான் தடவிப் பார்த்தார்.

“நல்ல வேள, கீறல் இல்ல லா.”

“எம்பொண்ணு கை ஒடிஞ்சு கெடக்குது! ஏன்யா இதப் பூட்டி வெச்ச?”

“பாவம்தான் ஐயா. ஆனா தெறந்து விட்டா உள்ள இருக்கிற ரப்பர் சீல் தேஞ்சு ஆயில் ஒழுகும். வாடகைக்கு எடுக்கிறவங்க பாத்தா ஓட்டுறாங்க?”

வாசலில் நின்ற வேறொரு சைக்கிளின் கைப்பிடியை ஆத்திரத்தோடு அழுத்தினேன். அதன் ஃபோர்க் மெத்தென்று இறங்கி எழுந்தது.

“அப்ப இது?”

“அது நான் ஓட்டுறது, ஐயா. பூட்டி ஓட்டுனா கை வலிக்கும்ல?”

அவர் குரலில் கேலியோ கூச்சமோ சிறிதும் இல்லை. கைவலி இன்னதென்று நன்கறிந்த மனிதர் அவர் என்பதே, இன்றளவும் என் சினத்தைத் தணியவிடாமல் வைத்திருக்கிறது.