பலகாரம் தந்தவள் கூட நடக்க வேண்டும்

சனிக்கிழமை காலை குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது, செல்லக்கனி அத்தை நெஞ்சுவலியில் இறந்துபோன செய்தி வந்தது. சொன்னவள் அதோடு நிறுத்தவில்லை. "எல்லாம் அந்த மாத்திரையாலதான்" என்றாள். அம்மா நிரம்பாத குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அத்தையும் அம்மாவும் ஒரே மனநல மருத்துவரிடம் மாத்திரை வாங்கியவர்கள். அத்தை அதை மறைத்ததில்லை. எங்கள் வீட்டிலோ அதைப் பேசவே கூடாது. அப்பா விழித்துக்கொண்டால் நான் எழுதும் இந்தத் தாளைக் கிழித்துவிடுவார். ஆனாலும், தாராவியில் எங்கள் சந்தில் அத்தையை அறிந்த உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மாத்திரை தொடங்கியதும் அம்மாவின் காதில் கேட்ட குரல்கள் அடங்கின. பசி அடங்கவில்லை. உடம்பு பெருத்தது, ரவிக்கை எதுவும் சேரவில்லை. வெட்கத்தில் மாத்திரையை யாருக்கும் தெரியாமல் துப்பத் தொடங்கினாள். குரல்கள் திரும்பின. அத்தைதான் கண்டுபிடித்து மருத்துவரிடம் இழுத்துப் போனார். "டாக்டர், இவ வாயத் தொறக்கமாட்டா, நான் சொல்லுதேன். பசி தாங்கல, துணி பத்தல, அதான் துப்புதா." மருத்துவர் திட்டவில்லை. மாத்திரையை மாற்றினார், சர்க்கரை பார்த்தார், தினமும் நடக்கச் சொன்னார்.

எங்கள் சந்தில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் எல்லா வீட்டுக்கும் தட்டு போகும். வேண்டாம் என்றால் சண்டை. அத்தை ஒரு சட்டம் போட்டார்: "ஏட்டி, இவளுக்குப் பலகாரம் குடுக்கவ சாயங்காலம் இவகூட கிங்ஸ் சர்க்கிள் வரைக்கும் நடக்கணும்."

தீபாவளிக்கு மறுநாள் சந்துப் பெண்களில் பாதிப்பேர் மூச்சு வாங்க நடந்தார்கள். "மோர்ச்சா கெளம்பிட்டு!" என்று, போராட்ட ஊர்வலத்தைப் பார்த்தவர்போல், இஸ்திரிக் கடை அண்ணாச்சி கத்தினார். "நீரும் வாரும், உம்ம தொப்பைய மொதல்ல கரைப்போம்" என்றார் அத்தை. அம்மா நடுரோட்டில் நின்று சிரித்தாள். பொங்கலுக்குத் தட்டுகளில் பலகாரத்துக்குப் பதிலாக வெள்ளரிக்காய் வந்தது.

அத்தை இறந்த நாளிலிருந்து அம்மா மாத்திரையைத் தொடவில்லை. நேற்று பள்ளிக்குப் போகாமல் அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். நானே கேட்டேன்: "மாத்திரையாலதான் அத்தை செத்தாகன்னு சொல்லுதாவ. அம்மாவுக்கும் அப்படி ஆயிருமா?"

"அவங்களப் பத்தி நான் பேசக் கூடாதும்மா. உங்க அம்மா இதயத்த இப்பவே பாத்துருவோம். மாத்திரைய மட்டும் தானா நிறுத்தக் கூடாது" என்றார். இசிஜி எடுத்தார்கள். கோளாறு இல்லை.

நேற்று இரவு சாப்பிட்டு முடித்ததும் அம்மா தானாகவே மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். எனக்குப் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் எதற்குப் பயப்படுகிறேனோ அதை, பதில் தெரிந்தவரிடம் வாய்விட்டுக் கேட்க வருகிறது. அந்தப் பழக்கம் அத்தையுடையது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.