திறக்கத் தெரியாதவன் போட்ட சட்டம்

கனடாவின் ஸ்காபரோவில் நானும் மனைவியும் நடத்தும் அச்சகத்தில், “இலவச மென்பொருளில் வரைந்தவை அச்சிடப்படமாட்டா” என்று நானே எழுதி ஒட்டியிருந்தேன். நிறம் மாறிவிடும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கமும் கொடுப்பேன். உண்மையில் அப்படியொரு கோப்பை நான் திறந்தே பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை காலை மாரிசெல் என்ற பிலிப்பைன்ஸ் ஓவியர் வந்தார். அன்று மாலை அவர்களுடைய தேவாலய ஊர்வலம். முன்னால் பிடிக்கவேண்டிய மாதா படப் பதாகையை இலவச மென்பொருளில்தான் வரைந்திருந்தார்.

“வேறு கடை தேட நேரமில்லை, கூயா” என்றார். கூயா என்றால் அவர்கள் மொழியில் அண்ணன்.

அந்தக் கோப்பை எப்படித் திறப்பது என்றே எனக்குத் தெரியாது. “மெஷின் பழுதாகிவிடும்” என்று அளந்தேன்.

“இஞ்சாருங்கோ, தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லுங்கோவன். மெஷினை ஏன் இழுக்கிறியள்?” என்றாள் மனைவி.

மாரிசெல் சிரித்துக்கொண்டே மடிக்கணினியில் இரண்டு தட்டுத் தட்டி, கோப்பை பிடிஎஃப் ஆக்கித் தந்தார். நான் பொத்தானை அழுத்திவிட்டு, வெடிக்கப்போகிற பட்டாசைக் கொளுத்தியவன்போல் பின்னால் பாய்ந்தேன். மாதாவின் நீல முக்காடு அதே நீலத்தில் அழகாக இறங்கி வந்தது.

“எங்கள் ஓவியர்கள் ஆறு பேர் உங்கள் அறிவிப்புக்குப் பயந்துதான் இந்த இலவச மென்பொருளைப் பழகவில்லை” என்றார் மாரிசெல்.

“உங்களுக்கு ஆறு பேர் பயமாம்! வீட்டில ஒருத்தரும் பயப்பிடுறேல்லையே!” என்றாள் மனைவி.

அறிவிப்பை அப்போதே கிழித்தேன். அடுத்த வாரம் அந்த ஆறு பேரும் கடைக்கு வந்தார்கள். மாரிசெல் கற்பித்தார், முன்வரிசையில் நான். ‘எனக்குத் தெரியாது’ என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அவ்வளவு சந்தோஷமாக நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.