அம்மாவின் கடல்பசு

விளக்கு வைக்கும் நேரத்தில் கடலிலிருந்து 'உஸ்' என்றொரு பெருமூச்சு கேட்கும். ஐம்பதுகளில், தஞ்சோங் பகார் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்த எங்களுக்கு அதைவிடப் பெரிய பயம் கிடையாது. எதிரே பிரானித் தீவை ஒட்டி, இடுப்புக்குக் கீழே மீனான 'டூயோங்' என்றொருத்தி திரிகிறாள், அவள் மூச்சு விடும்போது நாம் யார் பேரையாவது சொல்லிக் கூப்பிட்டால் அந்தப் பேர்க்காரரைக் கொண்டுபோய்விடுவாள் என்று பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், இருந்த பிள்ளைகள் சொல்லிவைத்திருந்தார்கள். அந்தி சாய்ந்தால் நாங்கள் ஒருவரையொருவர் "ஏய்" என்றுதான் அழைத்துக்கொள்வோம்.

இராமநாதபுரத்துக் கடற்கரையில் பிறந்த அப்பா சிரித்தார். "பேயாவது பிசாசாவது! நம்ம ஊர்ல அத கடல்பசுன்னு சொல்லுவோம். புல்லத் தின்னுட்டு அது பாட்டுக்குக் கெடக்கும்." எனக்குப் பயம் போகவில்லை. ஆனால் வயல்காட்டில் பிறந்து, கப்பலேறிய அன்றுதான் கடலையே பார்த்த அம்மா, 'பசு' என்ற சொல்லை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

ஒரு மாட்டுப் பொங்கலன்று காலை, மலாய் மீனவர் ஒருவரின் வலையில் அது சிக்கிவிட்டதென்று குடியிருப்பே கரைக்கு ஓடியது. கூந்தலும் இல்லை, பெண் முகமும் இல்லை. சாம்பல் நிறத்தில் மூட்டை போலக் கிடந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். மீனவர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். தம்பியை இடுப்பில் வைத்தபடி வந்த அம்மா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அதன் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டார்! "இத்து லெம்பு! தா போலே!" அது மாடு, வெட்டக் கூடாது என்று தமக்குத் தெரிந்த மலாயையெல்லாம் கொட்டினார். "இக்கான் லா, இக்கான்!" மீன்தான் என்று மீனவர் தலையிலடித்துக்கொள்ள, கூட்டம் சிரித்தது. எனக்கு மானம் போயிற்று.

அம்மா அசையவில்லை. அதன் துடுப்பை மெல்லத் தூக்கிக் காட்டினார். "மீனுக்கு எங்கய்யா மடி இருக்கும்? பாலு கட்டியிருக்கு பாருங்க. கன்னு தண்ணியில தேடிக்கிட்டு இருக்குமே!"

சிரிப்பு நின்றது. பால் கசிவதை மீனவரும் பார்த்தார். அம்மாவின் இடுப்பிலிருந்த தம்பியையும் பார்த்தார். கத்தியை மணலில் குத்திவிட்டு, "பாவா பெர்கி லா," கொண்டுபோங்கள் என்றார். வாலைப் பிடித்துக் கடலுக்குள் இழுக்க முதலில் குனிந்தவரும் அவர்தான். அதன்பின் ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கும் அம்மா ஒரு கைப்பிடி பொங்கலைக் கடலில் போடுவார்.

அந்தக் கரையை இப்போது மண் கொட்டி மூடிவிட்டார்கள். அலை அடித்த இடத்தில் வேலியும் சரக்குப் பெட்டிகளும். பொங்கலுக்கு லிட்டில் இந்தியாவில் கொண்டுவந்து கட்டும் மாடுகளைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன், படம் எடுத்துக்கொள்கிறோம். அம்மா போய் நெடுங்காலமாகிவிட்டது. நினைத்தால் இன்றும் அழுகை வருகிறது. சில மாலைகளில் அந்த வேலியோரம் காது கொடுத்து நிற்கிறேன். 'உஸ்' என்று ஒருமுறை கேட்டால் போதும், கொண்டுபோகத் தெரிந்தவளுக்குக் கொண்டுவரவும் தெரியாதா என்று அம்மாவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பேன்.