பெயர் எழுதாத பாட்டில்

பதினேழு வருடம் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வாழையின் மரபணுக்களைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒப்பந்தம் நீட்டிக்கப்படாததால், நாற்பத்தாறாம் வயதில், ஓசூரில் வாழைக்கன்று தயாரிக்கும் திசு வளர்ப்புக் கூடம் ஒன்றில் தரப் பொறுப்பாளராகச் சேர்ந்தேன்.

அங்கே கன்றுகள் முதலில் பாட்டிலுக்குள் வளர்கின்றன. நான்கு வாரத்துக்கு ஒருமுறை பெண்கள் அவற்றை வெளியே எடுத்து, வெட்டிப் பிரித்து, புதுப் பாட்டில்களில் வைப்பார்கள். ஏதாவது ஒன்று மற்றவற்றைப் போல இல்லாவிட்டால் கண்டுபிடித்து அழிப்பது என் வேலை. பழைய இடத்தில் அப்படி ஒன்று கிடைத்தால் வருடக்கணக்கில் அதன் பின்னால் போயிருப்பேன். இங்கே வாங்குகிறவருக்கு ஆயிரம் கன்றும் ஒன்றுபோல இருக்க வேண்டும்.

மூன்றாவது மாதம் ஒரு பாட்டிலில், சின்ன இலை ஒன்றின் நடுவே, அளவுகோல் வைத்து இழுத்ததுபோல ஒரு வெள்ளைக் கோடு. அழிக்க மனம் வரவில்லை. லேபிளை உரித்துவிட்டு, கீழ்த்தட்டில் பின்வரிசையில் வைத்தேன். லேபிள் இருந்தால் பதிவேட்டிலும் இருக்க வேண்டும். வீட்டில் மாவு டப்பா மேல்கூட அரைத்த தேதியை எழுதி வைக்கிறவள் நான்.

அடுத்த வாரம் ஊத்தங்கரையில் ஓர் உறவினர் கல்யாணத்துக்கு நான்கு நாள் விடுப்பில் போய் வந்தேன். திரும்பியபோது கீழ்த்தட்டு காலியாக இருந்தது. வெட்டும் அறையின் மேற்பார்வையாளர் மூக்கண்டப்பள்ளியிலிருந்து வருகிறவர். பதினோரு வருட அனுபவம். அவரிடம் கேட்டேன்.

"லேபிள் உழுந்துடுச்சின்னு நெனைச்சோம் மேடம். பக்கத்துல இருந்த பேட்ச்சோட சேத்து வெட்டிட்டோம்."

"எந்த பாட்டில்ல வச்சீங்க?"

"அது எப்படித் தெரியும்? அறுவது பாட்டில் ஆச்சி."

"இலையில வெள்ளைக் கோடு இருக்கும்."

"வெட்டறப்பவே இலையெல்லாம் கிள்ளிப் போட்டுடுவோமே. ஏன், கெட்டுப்போன பாட்டிலா? யாரு வச்சது?"

நான்தான் என்றேன். "நாங்க லேபிள் விட்டா மெமோ. நீங்க விட்டா என்ன மேடம்?" என்றார். பின்னால் யாரோ தெலுங்கில் ஏதோ சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள்.

அந்த அறுபது பாட்டிலும் மத்தூர் பக்கத்து விவசாயி ஒருவருக்கு ஒதுக்கப்பட்டவை. நான் பேசாமல் இருந்திருக்கலாம். புது இலைகளில் கோடு வராமலே போகலாம். குறை இருந்தாலும் தோட்டத்தில் வளர்ந்த பிறகுதான் தெரியும், அப்போது காரணத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. சாப்பாட்டு இடைவேளை முழுவதும் இதையே யோசித்தேன். பிறகு மேலாளரிடம் போய்ச் சொன்னேன். மொத்தத்தையும் அழிக்கச் சொன்னார். "அவருக்கு நீங்களே போன் பண்ணிடுங்க" என்றார்.

"மூணு மாசம் தள்ளுமா?" என்றார் விவசாயி. "கன்னு வருதுன்னு நெலத்த சும்மா போட்டு வச்சிருக்கேனேம்மா. இருக்கறதையே குடுத்துடுங்களேன்."

ஒருவேளை எல்லாமே நன்றாக இருக்கலாம், சில கன்று மட்டும் வளராமல் நின்றுபோகலாம் என்று உள்ளதைச் சொன்னேன்.

"எந்தக் கன்னுன்னு சொல்ல முடியாதா?"

"முடியாதுங்க."

"அப்ப வேணாம். ஒரு வருசம் தண்ணி கட்டிட்டு, குலை தள்ளலன்னா யாருகிட்ட போயி கேக்கறது? தட்டப்பயிறு போட்டுக்கறேன்." பிறகு கேட்டார்: "யாரு கலந்தது?"

"என்னாலதாங்க."

"அடுத்த பேட்ச்ச வேற ஆள பாக்கச் சொல்லுங்கம்மா." போனை வைத்துவிட்டார்.

மாலையில் மேற்பார்வையாளரும் நானும் பாட்டில்களை ஆட்டோகிளேவுக்கு எடுத்துப் போனோம். அதன் நீராவி எதையும் உயிரோடு விடாது. உள்ளே வைப்பதற்குமுன் ஒவ்வொரு பாட்டிலையும் விளக்கு வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையில் ட்ரேயுடன் காத்திருந்தார்.

"கெடைச்சா என்ன பண்ணுவீங்க மேடம்?" என்றார்.

அப்போது என் கையில் இருந்தது முப்பத்தெட்டாவது பாட்டில். மீதி இருபத்திரண்டையும் பார்க்காமல் அடுக்கினேன்.