கோட்டையூர் ஆச்சியின் நாலு விரல்கள்

புது ரோலின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்ததும் ஒரு வாசனை வரும்... புதுப் பள்ளிக்கூடப் புத்தகமும் மருந்தும் கலந்த மாதிரி. காரைக்குடியில் ஒரு போட்டோக் கடையில் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். இன்னும் அது மூக்கில் நிற்கிறது.

பெரிய படம் போடுகிற மிஷின். கட்டில் நீளம் இருக்கும். பேப்பர் ரோலைத் தண்டில் கோத்து, தூக்கி மாட்டி, நுனியை நேராக வெட்டி, கோட்டோடு கோடு சேர்த்து உள்ளே விட வேண்டும். ஒரு நூல் சாய்ந்தாலும் சிவப்பு விளக்கு எரியும். கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். பட்டனை அமுக்கிவிட்டு அப்படியே ஓட்டவும் செய்யலாம். ஓட்டினால் படம் வர வர ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

நான் எட்டாவதோடு நின்றவள். கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தேன். பிறகு லேமினேஷன். கடைசியில்தான் மிஷின் என் கைக்கு வந்தது. அதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா... வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு நிற்கும்போது நர்ஸ் மாதிரி இருக்கும்.

அந்த வாரம் மட்டும் இரண்டு படம் கோணலாகிவிட்டது. கடைக்கார அண்ணன் எல்லார் முன்னாலும் சொன்னார்.

"எட்டாப்புப் படிச்ச புள்ளைகிட்ட மிஷினைக் குடுத்தா இப்படித்தான். இன்னொண்ணு வீணாச்சு, நீ பழையபடி வெளக்குமாத்தை எடுத்துக்கிற வேண்டியதுதான்."

அந்த மூன்றாவது படம்தான் கோட்டையூர் ஆச்சியுடையது.

ஆச்சியின் வீட்டுக்காரர் இறந்து வருஷம் திரும்பப் போகிறது. திவசத்துக்குப் பெரிய படம் வேண்டும் என்று மகனோடு வந்திருந்தார். கொண்டுவந்தது அறுபதாம் கல்யாணத்துப் படம். ஓமப் புகையில் அவருக்குத் தலை சுற்றியிருக்கிறது. ஆச்சி பக்கத்திலிருந்து தோளைப் பிடித்திருக்கிறார். அதற்கு வெட்கப்பட்டு அவர் சிரித்துவிட்டார். அந்த நேரம் எடுத்த படம்.

அண்ணன் கம்ப்யூட்டரில் ஆச்சியை நீக்கிவிட்டு அவரை மட்டும் வைத்தார். தோளில் நாலு விரல் மட்டும் மிச்சம் நின்றது.

"இதையும் அழிச்சிரவா ஆச்சி?"

"வேணாம்ப்பா. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"ஆத்தா, மாலை போடுற படத்துல ஒங்க கை எதுக்கு?" என்றார் மகன்.

"நான் புடிச்சதுனாலதாண்டா அவுக சிரிச்சாக. கைய எடுத்துட்டா எதுக்குச் சிரிக்காகன்னு யாருக்குத் தெரியும்?"

அண்ணன் சிரித்துக்கொண்டே அப்படியே மிஷினுக்கு அனுப்பினார்.

நான் ரோலை மாட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அவர்கள் காத்திருக்கிறார்கள், அண்ணன் பார்த்துக்கொண்டிருக்கிறார். பட்டனை அமுக்கினேன்.

படம் சாய்ந்து வந்தது. ஒரு ஓரம் மேலே நூல் அளவு வெள்ளை, கீழே வர வர இரண்டு விரல் அகலம். வெட்டு மேஜைக்கு எடுத்துப் போய் யாருக்கும் தெரியாமல் ஸ்கேலை வைத்து நேராக இழுத்தேன். வெள்ளையெல்லாம் போனது. கூடவே அந்த ஓரத்தில் இருந்த நாலு விரலும் போனது. வெட்டிய துண்டைக் குப்பைக் கூடையில் போட்டு மேலே வேறு துண்டுகளைப் போட்டு மூடினேன்.

ஆச்சி படத்தை வாங்கிப் பார்த்தார். தோளைத்தான் பார்த்தார்.

"கை எங்கத்தா?"

அண்ணன் திரும்பினார். என் வாயில் அது எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

"நாந்தான் வெட்டுனேன் ஆச்சி. உசுரோட இருக்கவுக கை மாலை போடுற படத்துல இருந்தா குடும்பத்துக்கு ஆகாதும்பாக. பேரம் பேத்தி இருக்க வீடு. நீங்க யோசிக்காம சொல்லிட்டீக."

"நான் சொன்னேன்ல," என்றார் மகன்.

"அதுவும் சரிதான்," என்றார் அண்ணன்.

ஆச்சி மேஜை மேல் இருந்த கையை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அண்ணன் என்னிடம், "பரவாயில்லையே, ஒனக்கும் நாலு வெவரம் தெரியுது" என்றார். நான் சிரித்தேன்... அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

என் வீட்டுக்காரர் போய் நாலு மாசம் ஆகிறது. கொத்தனார் வேலை. காலையில் எழுந்ததும் அவர் படத்தைத் துடைத்துப் பொட்டு வைப்பேன். துடைக்கிற சாக்கில் கன்னத்தில் கை கொஞ்ச நேரம் நிற்கும். ஒருநாள் அப்படி நிற்கும்போது ஆச்சி ஞாபகம் வந்துவிட்டது. சொல்லிவிட வேண்டும் என்று கோட்டையூருக்கு டவுன் பஸ் ஏறினேன்.

ஆச்சிக்கு என்னை அடையாளம் தெரிந்தது. துக்கம் விசாரித்தார். கூடத்தில் அந்தப் படம். தோளோடு முடிகிறது.

"ஆச்சி, அந்தப் படத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"ஆமாத்தா. நல்லவேளை, நீ சொன்னே. கூறு இல்லாமக் கேட்டுப்புட்டேன். அன்னையிலருந்து நான் அந்தப் படத்தைத் தொடுறதில்ல. மருமகதான் தொடச்சுப் பொட்டு வைக்கும். நான் இங்கனக்குள்ள ஒக்காந்து பாத்துக்கிறது."

ஒன்பது வருஷம்.

காப்பி கொடுத்தார்கள். குடித்தேன். சொல்லாமல் வந்துவிட்டேன்.

இப்போது என் மகள் போனிலேயே ஆளை அழிக்கிறாள், சேர்க்கிறாள், பிடிக்கவில்லை என்றால் திரும்பக் கொண்டுவருகிறாள். காலம் ரொம்ப வசதியாகிவிட்டது என்று சொல்ல வந்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், அன்றும் படம் கடைக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. ரோலில் பேப்பரும் இருந்தது. "அண்ணே, கோணிப்போச்சு" என்று ஒரு வார்த்தை... பத்து நிமிஷத்தில் வேறு வந்திருக்கும்.

ஆச்சியிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதியிருக்கிறேன். வாசிக்கிறவர்கள் கீழே 'பரவாயில்லை அக்கா' என்று மட்டும் போட வேண்டாம்.