சிம்பாங்கில் நிற்காத பஸ்

பழைய பஸ் என்றால் சிலருக்கு உயிர். பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வருகிறார்கள். ஓட்டை உடைசலாகக் கிடந்த ஒரு பஸ்ஸை வாங்கி, சிவப்புச் சாயம் அடித்து, மாதம் ஒரு ஞாயிறு சுங்கை பட்டாணியிலிருந்து பாடாங் செராய் வரை ஓட்டுகிறார்கள். ஏறி உட்கார்ந்ததும், "அந்தக் காலம் மாதிரி வருமா!" என்று உருகுகிறார்கள். கேட்டால் எனக்கு வயிறு எரியும். அந்தக் காலத்தில் இந்த வழியில் நான்தான் கண்டக்டர்.

போன மாதம் என்னைத் தேடிப் பிடித்துவிட்டார்கள். தொப்பியும் தோள்பையும் தந்து, ஒருநாள் மட்டும் கண்டக்டராக வரச் சொன்னார்கள். நான் ஒப்புக்கொண்டது ஆசையால் இல்லை. என் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனால், அந்தப் பஸ்ஸில் வைத்தாவது அவளிடம் ஓர் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான். நாற்பது வருடமாகத் தொண்டையில் நிற்கிற உண்மை அது.

ஒரு பெல் என்றால் நிறுத்து, இரண்டு பெல் என்றால் போ. இது எல்லாருக்கும் தெரியும். எங்களுக்குள் இன்னொரு வழக்கமும் இருந்தது. ரப்பர் மரம் சீவிவிட்டு வருகிறவர்கள் தோட்டத்துப் பாதை பிரியும் சிம்பாங்கில் நின்று கை காட்டினால், தூரத்திலேயே இரண்டு பெல், நிற்காமல் போய்விடுவோம். ஏற்றினால் ஒட்டுப்பால் வாடை என்று முன்சீட்டு டவுன்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள், டிரைவர் என்னைத் திட்டுவார். நானும் அதே தோட்டத்து லயத்தில் பிறந்தவன்தான். ஆனால் நான் டவுன்காரன் என்று பஸ்ஸில் எல்லாரிடமும் பீற்றி வைத்திருந்தேன். வெட்கங்கெட்ட பிழைப்பு!

ஒருநாள் பகல் பஸ்ஸுக்கு அக்கா அந்தச் சிம்பாங்கில் நின்றாள். குளித்து, தலை வாரி, நல்ல புடவை கட்டியிருந்தாள். புதிதாகத் திறந்த ஃபாக்டரியில் அன்று மத்தியானம் அவளுக்கு இன்டர்வியூ. பக்கத்தில் வேலை உடுப்போடு இரண்டு பெண்கள். அக்கா ஏறினால் "தம்பி" என்று வாய் நிறையக் கூப்பிடுவாள், என் டவுன் பவிசு அங்கேயே கிழிந்துவிடும். இரண்டு பெல் அடித்தேன். அடுத்த பஸ் இரண்டு மணி நேரம் கழித்துத்தான். அந்த வேலை போனது. முட்டி தேயும் வரை அக்கா மரமே சீவினாள். "ஒன்னப் பாக்கலக்கா" என்று அன்றைக்குச் சொன்ன பொய்யை நான் மாற்றவே இல்லை.

பழைய பஸ் ஓடிய அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். வழியெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் யாராவது தொப்பியோடு செல்ஃபி எடுக்க வந்துவிடுவார்கள். அதே சிம்பாங் வந்தது. இப்போது அங்கே தோட்டம் இல்லை, வரிசையாகத் தாமான் குடியிருப்பு வீடுகள். கேமராக்காரர்கள் இறங்கினார்கள். ஏற்பாடு செய்த இளைஞர் அக்காவிடம் வந்தார்.

"ஆன்ட்டி, கீழ கொஞ்சம் நிக்கிறீங்களா? அந்தக் காலத்து பாசெஞ்சர் மாதிரி கை காட்டுங்க. பஸ் நிக்காம போவும், நாங்க வீடியோ எடுத்துக்கிறோம். அங்கிள், நீங்க ரெண்டு பெல் அடிங்க லா."

எனக்கு ரத்தம் கொதித்தது. யாரைத் திட்டுவது? அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்! அக்கா இறங்கிப் போய் நின்றாள். பஸ் பின்னால் போய்த் திரும்ப வந்தது. அவள் கையைத் தூக்கினாள். நான் ஒரே ஒரு பெல் அடித்தேன்.

பஸ் அவள் முன்னால் குலுங்கி நின்றது. "ஐயோ அங்கிள், கெடுத்துட்டீங்களே!" என்று வெளியிலிருந்து கத்தினார்கள். நான் படியில் நின்று அக்காவைப் பார்த்தேன்.

"அன்னைக்கு ஒன்னப் பார்த்தேன்க்கா. பார்த்துட்டுத்தான் ரெண்டு பெல் அடிச்சேன்."

"தெரியும்டா," என்றாள். "என் மூஞ்சியப் பார்த்துட்டுத்தானே அந்தப் பக்கம் திரும்புன. நான்தான் லேட்டா வந்து பஸ்ஸ விட்டுட்டேன்னு அம்மாகிட்ட சொன்னேன். வெளக்கமாத்தால அடி வாங்குனேன். ஒன்ன யாரும் ஒரு வார்த்த சொல்லிடக்கூடாதுன்னு."

"ஏறுக்கா," என்றேன்.

"நீ போ. நான் வேற கார் பார்த்து வந்துக்கிறேன்."

முட்டியைப் பிடித்துக்கொண்டு கடைகள் இருந்த பக்கமாக நடந்தாள். நான் பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும். "இன்னொரு தடவ எடுத்துடலாம் அங்கிள், ஏறுங்க," என்றார்கள்.

ஏறினேன்.